முளைப்பயறு
(தமிழ்ப் பெண் இயக்குநர்களும் நல்கையின் வரலாறும்)

காஞ்சி மாநகருக்கு மேற்கே, பெங்களூர் நெடுஞ்சாலையில், பாலுசெட்டி சத்திரத்தை அடுத்து அமைந்திருக்கிறது திருப்புட்குழி. புள் என்பது பறவை. சீதைக்காகப் போரிட்டுச் சிறகிழந்த சடாயுவுக்கு இராமன் ஈமக்கடன் செய்த இடம் இதுவே என்பது தலவரலாறு. 108 திவ்வியதேசங்களுள் ஒன்றான இவ்வூர்க் கோயிலில் விசயராகவப் பெருமாளுடன் மரகதவல்லித் தாயார் எழுந்தருளியுள்ளார். மகப்பேறு வேண்டும் பெண்டிர் வறுத்த பயறை நனைத்து மடியில் கட்டிக்கொண்டு இரவு உறங்குவர். விடியலில் பயறு முளைவிட்டிருந்தால் வேண்டுதல் பலிக்கும் என்பது இங்கு வழிவழி வரும் நம்பிக்கை.

நம்பிக்கையின் மெய்ம்மை ஒருபுறம் இருக்கட்டும். வறுபட்ட விதைக்கும் முளைக்க ஓர் இரவு தரப்பட வேண்டும் என்று ஓர் ஊர் எண்ணியிருக்கிறதே, அவ்வெண்ணம் போற்றத்தக்கது. கலை வரலாற்றில் இத்தகைய ஓர் இரவு எவர்க்குக் கிடைத்தது, எவர்க்குக் கிடைக்கவில்லை என்பது ஆராயத்தக்க வினா. கவிதைக்கு ஏடும் எழுதுகோலும் போதும். திரைப்படத்திற்கோ கருவியும் ஆளும் பெரும்பொருளும் வேண்டும். எனவே பெண்கள் எடுத்த திரைப்படங்களின் வரலாறு அவர்க்கு முதற்பணம் தந்தவர் யார் என்பதன் வரலாறாகவும் அமைந்துவிடுகிறது.

சொந்தக் கைமுதல்

இந்தியாவின் முதற்பெண் இயக்குநராகக் கருதப்படும் பாத்மா பேகம் 1926ஆம் ஆண்டில் தம் பெயரிலேயே ஒரு படநிறுவனம் தொடங்கித்தான் படம் எடுத்தார். பத்தாண்டுகளுக்குப் பின் தமிழிலும் அதுவே நிகழ்ந்தது. திருவையாற்றில் பிறந்து, இளமையிலேயே நாடக மேடை ஏறி, 1931இல் வெளிவந்த 'காளிதாஸ்' படத்தின் நாயகியாகப் புகழ்பெற்ற டி.பி. ராஜலட்சுமி, தாம் எழுதிய 'கமலவல்லி' என்னும் புதினத்தை 'மிஸ் கமலா' என்னும் பெயரில் 1936இல் படமாக்கினார். கதையும் இயக்கமும் தயாரிப்பும் அவருடையனவே. தென்னகத்தின் முதற்பெண் இயக்குநர் என்னும் சிறப்பு அவருக்குரியது.

1953இல் பி. பானுமதி 'சண்டிராணி' படத்தைத் தமிழ், தெலுங்கு, இந்தி ஆகிய மும்மொழிகளில் இயக்கினார். அதன் பின்னணியில் அவரும் அவர்தம் கணவர் இராமகிருஷ்ணாவும் நடத்திய பரணி பிக்சர்ஸ் இருந்தது. சாவித்திரி 1968இல் தெலுங்கில் 'சின்னாரி பாப்பலு' தொடங்கி, 'குழந்தை உள்ளம்' (1969), 'பிராப்தம்' (1971) எனத் தொடர்ந்து படங்களை இயக்கினார். 'பிராப்தம்' தந்த நட்டம் அவருடைய செல்வம் கரைந்த காரணங்களுள் ஒன்றென்பர்.

இம்மூவரும் முதலில் நடிகையராய்ப் பொருள் ஈட்டியவர்கள் என்பது கருதத்தக்கது. முகத்தால் ஈட்டிய பொருளைக் கொண்டுதான் அவர்கள் கருவிக்குப் பின்னால் நிற்கும் உரிமையைப் பெற்றனர். புகழ் இல்லாத பெண்ணுக்கு அவ்வழி திறக்கவில்லை. திறந்தவர்க்கும் வீழ்ந்தால் தாங்கும் கை இல்லை.

அரசின் கடன்

எஸ்.கே. பாட்டீல் தலைமையிலான திரைப்பட விசாரணைக் குழு 1951இல் தன் அறிக்கையை அளித்தது. அதன் பயனாய் 1960இல் திரைப்பட நிதிக் கழகம் அமைந்தது. பின்னர் 1975இல் தோன்றிய தேசிய திரைப்பட வளர்ச்சிக் கழகத்துடன் அது 1980இல் இணைந்தது. 'புவன் ஷோம்' (1969) போன்ற படங்கள் இக்கழகத்தின் துணையால் பிறந்தவை. மீரா நாயரின் 'சலாம் பாம்பே' (1988), கல்பனா லாஜ்மியின் 'ருதாலி' (1993) ஆகியவற்றிற்கும் தேசியக் கழகத்தின் பணம் உதவியது. தமிழில் எழுத்தாளர் பூமணி 'கருவேலம் பூக்கள்' எடுத்ததும் அவ்வழியே.

ஆயினும் இவ்வமைப்பின் அடிப்படை கடன் கொடுத்தலும் படம் தயாரித்தலுமே. புதியவர், அவருள்ளும் பெண், அவருள்ளும் தலைநகர்க்குத் தொலைவில் வாழ்பவர் என்று நோக்கித் தனியே ஒதுக்கிய பணமாக அது இருக்கவில்லை. அதே காலத்தில் கனடா நாட்டின் தேசியத் திரைப்பட வாரியம் 1974இல் பெண்களுக்கென்றே 'ஸ்டுடியோ டி' என்னும் பிரிவை அரசுப் பணத்தில் நிறுவியது. 1996இல் மூடப்படும் வரை, பெண்கள் தாமே கற்று, தாமே எடுத்து, தாமே திருத்திக்கொள்ளும் பட்டறையாக அது விளங்கியது. பெங்களூரில் தீபா தன்ராஜ் முதலியோர் 1980இல் தொடங்கிய 'யுகாந்தர்' குழு, அத்தகைய அரசுப் பட்டறை ஏதுமின்றி, வீட்டுப் பணியாளர், புகையிலைத் தொழிலாளர் ஆகிய பெண்களோடு கலந்து படம் எடுத்தது. சில ஆண்டுகளில் அது நின்றுபோயிற்று. நின்றுபோன பின்னரும் அதன் படங்கள் பேசப்படுகின்றன.

எல்லையில் எழுந்த படங்கள்

1990களில் நிலை சற்றே மாறியது. பெங்களூரில் 1993இல் நிறுவப்பட்ட இந்தியக் கலை அறக்கட்டளை கலைஞர்க்கு நேரடி நல்கை வழங்கத் தொடங்கியது. தூர்தர்ஷனின் கூட்டுறவோடு 2000இல் உருவான பொதுச்சேவை ஒளிபரப்பு அறக்கட்டளை ஆவணப்பட இயக்குநர் பலர்க்குக் கைகொடுத்தது. அவர்களுள் பெண்கள் மிகுதி. கையடக்கப் படக்கருவியும் அக்காலத்தே வந்து சேர்ந்தமையால் செலவும் குறைந்தது.

தொண்டை நாட்டின் வட எல்லையில், தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் நிலப்பகுதியில், அரக்கோணத்தை அடுத்த ஒரு சிற்றூரில் 2002இல் லீனா மணிமேகலை 'மாத்தம்மா' என்னும் ஆவணப்படத்தை எடுத்தார். அருந்ததியர் குடிப் பெண்குழந்தைகளைத் தெய்வத்திற்கு நேர்ந்துவிடும் வழக்கமே அதன் பொருள். திருப்புட்குழியிலிருந்து வடக்கே சில காதத் தொலைவிலேயே அவ்வூர் உள்ளது. ஒரே வட்டாரத்தில் ஓர் ஊர்ப் பெண்டிர் குழந்தை வேண்டித் தெய்வத்திடம் மடியேந்துகின்றனர். மற்றோர் ஊரில் பிறந்த குழந்தையே தெய்வத்திற்குக் கொடுக்கப்படுகிறது. இவ்விரண்டையும் ஒருங்கே காணும் கண் எல்லைப்புறத்தை அறிந்தவர்க்கே வாய்க்கும்.

அவரே பின்னர் மற்றோர் எல்லைக்குச் சென்றார். தனுஷ்கோடி மீனவரும், கடல் கடந்து வந்த ஈழ ஏதிலியரும் தம் வாழ்வைத் தாமே நடித்துக் காட்டிய 'செங்கடல்' (2011), எழுத்தாளர் ஷோபாசக்தியின் பங்களிப்போடு உருவானது. சென்னைத் தணிக்கை அலுவலகம் அதற்குச் சான்று மறுத்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2011இல் சான்று வழங்கியது. அத்தீர்ப்பாயமே 2021இல் கலைக்கப்பட்டுவிட்டது. இனி அத்தகைய வழக்குடையோர் உயர்நீதிமன்றத்தை நாடவேண்டும். பொருளற்ற இளம் இயக்குநர்க்கு இது சிறு சுமையன்று. படம் எடுக்கப் பணம் கிடைப்பதோடு சிக்கல் முடிவதில்லை. எடுத்த படம் மக்கள்முன் செல்வதற்கும் துணை வேண்டும் என்பதற்கு இது சான்று.

புதிரை வண்ணார் குலச் சிறுமியின் கதையான 'மாடத்தி'யை (2019) அவர் எடுத்தபோது, பொதுமக்கள் பலரிடம் சிறுசிறு தொகையாகத் திரட்டிய பணமே முதலாயிற்று. ஊர்கூடித் தேர் இழுப்பது நம் மரபுதான். ஆயினும் ஒவ்வொரு தேருக்கும் ஊரையே கூட்டவேண்டுமெனில், தச்சனுக்கு உளி பிடிக்க நேரமேது?

கடலுக்கு அப்பாலும் இதே கதைதான். 1978இல் சுமித்ரா பீரிஸ் 'கெஹெனு லமாய்' என்னும் சிங்களப் படத்தின் வழி இலங்கையின் முதற்பெண் இயக்குநரானார். மலையகத் தமிழர் வாழ்வைக் கூறும் 'இங்கிருந்து' என்னும் படத்தைச் சுமதி சிவமோகன் 2013இல் தந்தார். 2015 முதல் யாழ்ப்பாணத்தில் நடைபெற்ற பன்னாட்டுத் திரைப்பட விழா, போரால் அரங்குகளை இழந்த மண்ணில் படம் பார்க்கும் பழக்கத்தை மீண்டும் ஊன்றியது.

இருமைக்குள் அடங்காதோர்

பெண்களுக்கே இந்நிலையெனில், ஆண் பெண் என்னும் இருமைக்குள் அடங்காதோர் நிலை கூறவேண்டுவதில்லை. தமிழகம் 2008இல் நாட்டிலேயே முதன்முதலாகத் திருநங்கையர் நலவாரியம் அமைத்த மாநிலம். 2014இல் உச்சநீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை ஏற்றது. 2022இல் தமிழக அரசு இம்மக்களைக் குறிக்கும் மதிப்புடைய சொற்களைத் தொகுத்து அரசிதழில் வெளியிட்டது. சொல் கிடைத்தது, படக்கருவி கிடைத்ததா?

லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான், வித்யா' என்னும் தன்வரலாற்றைத் தழுவிக் கன்னடத்தில் எடுக்கப்பட்ட 'நானு அவனல்ல... அவளு' தேசிய விருது பெற்றது. அதனை இயக்கியவரும் ஓர் ஆண். முதன்மைப் பாத்திரத்தில் நடித்து விருது பெற்றவரும் ஓர் ஆண். 2011இல் விஜயபத்மா இயக்கிய 'நர்த்தகி'யில் திருநங்கையான கல்கி சுப்பிரமணியம் நாயகியாக நடித்தது ஒரு திருப்பம். 'அந்தரம்' என்னும் மலையாளப் படத்தில் நடித்த தமிழ்த் திருநங்கை நேகாவுக்குக் கேரள அரசு 2022இல் விருது அறிவித்தது. பெண்கள், திருநர் ஆகியோர்க்கெனத் தனியே ஒரு விருதுப் பிரிவை அம்மாநிலம் ஏற்படுத்தியிருந்ததன் பயன் அது. எனினும் இவையெல்லாம் பெரும்பாலும் நடிப்புக்குக் கிடைத்த இடங்கள். தம் கதையைத் தாமே இயக்கும் இடம் இன்னும் அரிதாகவே உள்ளது.

மலைக்கு அப்பால்

இவ்வரலாற்றில் அண்மைக்காலத்தின் குறிப்பிடத்தக்க முயற்சி கேரளத்தினுடையது. 2019இல் அம்மாநில அரசு பெண் இயக்குநர்களின் படங்களுக்கென மூன்று கோடி ரூபாயை ஒதுக்கியது. படம் ஒன்றுக்கு ஒன்றரைக் கோடி. மாநிலத் திரைப்பட வளர்ச்சிக் கழகமே தயாரிப்பாளர். தாரா ராமானுஜனின் 'நிஷித்தோ', மினி ஐ.ஜி.யின் 'டைவோர்ஸ்', சுருதி சரண்யத்தின் 'பி 32 முதல் 44 வரை', இந்து லட்சுமியின் 'நிளா' ஆகியன இவ்வழி வந்து, 2022, 2023ஆம் ஆண்டுகளில் திரைக்கு வந்தன. இவற்றுள் 'நிஷித்தோ' பிற மாநிலங்களிலிருந்து பிழைப்புக்காகக் கேரளம் வந்தோரின் கதை. 'பி 32 முதல் 44 வரை' பெண்ணுடலைச் சமூகம் நோக்கும் நோக்கை ஆராய்வது, அதில் திருநம்பி ஒருவரின் வாழ்வும் இடம்பெறுகிறது. இக்கதைகளை வணிகத் தயாரிப்பாளர் எவரும் எளிதில் தொட்டிருக்கமாட்டார்.

பின்னர் இத்திட்டம் பட்டியல் சாதி, பழங்குடி இயக்குநர்க்கும் விரிந்தது. 2025 ஆகஸ்டில் திருவனந்தபுரத்தில் நடைபெற்ற திரைக்கொள்கை மாநாட்டில் மூத்த இயக்குநர் அடூர் கோபாலகிருஷ்ணன் இதனைக் குறை கூறினார். முதற்படம் எடுப்போர்க்கு ஒன்றரைக் கோடி மிகையென்றும், அவர்களுக்கு முன்னதாகத் தீவிரப் பயிற்சி தரவேண்டுமென்றும் அவர் கூறியது பெரும் விவாதத்தை எழுப்பியது. அரங்கிலேயே மறுப்புக் குரல் எழுந்தது. அமைச்சரும் திட்டத்தை ஆதரித்துப் பேசினார்.

பயிற்சி வேண்டும் என்பதை மறுப்பார் இலர். ஆனால் பயிற்சி வேண்டும் என்னும் நிபந்தனை பெண்கள், ஒடுக்கப்பட்டோர் ஆகியோரின் வாயிலில் மட்டும் ஏன் எழுதப்படுகிறது என்பதே வினா. வணிகத் திரையுலகில் முதற்படத்திலேயே பல கோடிகளைத் தொலைத்த ஆண்கள் எத்தனையோ பேர். அவர்தம் பயிற்சிச் சான்றை எவரும் கேட்டதில்லை. ஸ்டுடியோ டியின் அனுபவம் காட்டுவதும் இதுவே: பயிற்சியும் பணமும் ஒன்றன்பின் ஒன்றாக வரவேண்டியவையல்ல, படம் எடுத்தலே பயிற்சி.

குடவோலையின் படிப்பினை

நல்கைக்கு நெறி வேண்டாமா என்னும் கேள்வி எழும். இவ்வட்டாரத்தார்க்கு இதில் முன்னோர் மொழிந்த பாடம் ஒன்று உண்டு. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து (கி.பி. 919, 921) கல்வெட்டுகள் ஊர் வாரியத்துக்கு ஆளெடுக்கும் முறையைக் கூறுகின்றன. முப்பது குடும்புகளிலிருந்து ஓலையிட்டுக் குடத்தைக் குலுக்கி, சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். முன்னர் வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் பெயரை மட்டுமன்றி, அவர்தம் உறவினர் பெயரையும் விலக்கினர். பொதுப்பணத்தைக் கையாள்வோர்க்கு இன்றும் பொருந்தும் நெறி இது.

ஆனால் அதே கல்வெட்டு கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் உடையவராகவும், சொந்த மனையில் வீடு கட்டியவராகவும், முப்பத்தைந்து வயது கடந்தவராகவும், மறையோதியவராகவும் இருத்தல் வேண்டும் என்கிறது. நிலமும் வீடும் மறையும் இல்லாதார் ஓலை அக்குடத்தினுள் விழுந்ததே இல்லை, பெண்களைக் கூறவேண்டுவதில்லை. நெறியில் நேர்மை இருந்தது, வாயில்தான் குறுகியிருந்தது. முன்பே படம் எடுத்தவர்க்கே நல்கை என்னும் இன்றைய விதிகளும் அத்தகையனவே.

தமிழக அரசு குறைந்த செலவில் எடுக்கப்படும் தரமான படங்களுக்கு ஏழு இலட்சம் ரூபாய் மானியம் அளிக்கும் முறையைக் கொண்டுவந்தது. நற்செயல்தான், எனினும் அது எடுத்து முடித்த படத்துக்குத் தரப்படுவது. விளைந்த கதிருக்குப் பரிசு தருவது போன்றது. விதை வாங்க இயலாதவள் கதிரை எவ்வாறு கொண்டுவந்து காட்டுவாள்? பாயல் கபாடியாவின் 'ஆல் வி இமாஜின் அஸ் லைட்' 2024இல் கான் விழாவில் கிராண்ட் பிரி விருது பெற்றபோது நாடே பெருமிதம் கொண்டது. அப்படத்தின் விதைப்பணத்தில் பெரும்பங்கு பிரான்சு, நெதர்லாந்து முதலிய நாடுகளின் பொதுநிதியங்களிலிருந்து வந்தது என்பதையும் உடன்வைத்து எண்ணவேண்டும்.

எனவே வேண்டுவன மூன்று. எடுப்பதற்கு முன்னரே தரப்படும் நல்கை முதலாவது. எல்லைப்புற ஊர்களுக்கும் தேடிச் சென்று ஆளெடுக்கும் நடுவர் குழு இரண்டாவது; அதனுள் பெண்களும் திருநரும் அமர்ந்திருத்தல் வேண்டும். எடுத்த படத்துக்கு அரங்கு மூன்றாவது. கணக்குக் காட்டும் நெறியை உத்திரமேரூரிலிருந்து பெறலாம். வாயிலின் அகலத்தை நாமே அமைத்தல் வேண்டும்.

1936இல் ஒருத்தி தன் கைப்பொருளைக் கொண்டு இட்ட விதை 'மிஸ் கமலா'. ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் சென்றபின்னும் பெரும்பாலோர் கைப்பொருளையே நம்பி விதைக்கின்றனர். திருப்புட்குழியில் பயறு முளைப்பதற்கு ஈரமும் ஓரிரவும் ஒரு மடியின் வெதுவெதுப்பும் தேவைப்படுகின்றன. முளைக்கவில்லையே என்று பயறைப் பழிப்பதற்கு முன், அவற்றை நாம் தந்தோமா என்று கேட்டுக்கொள்வது கடன்.