ஒரு பேருக்கு மரண தண்டனை

இன்னைக்கு ஒரே ஒரு பேரோட கதை.

1952-ல் வெளிவந்த 'ஸ்பேஸ் கேட்' என்கிற குழந்தைகள் புத்தகம், விண்வெளிக்குப் போற ஒரு பூனையைப் பத்தினது. எழுதினவர் ரூத்வென் டாட், 1914-ல் எடின்பரோவில் பிறந்த கவிஞர். ரூத்வென்னு ஒரு பையனுக்குப் பேர் வைப்பாங்களான்னு எனக்கு ஆச்சரியம். தேடிப் பார்த்தப்போ ரெண்டு விஷயம் தெரிஞ்சது. ஒண்ணு, எழுதுறதுதான் ரூத்வென், ஸ்காட்லாந்துல சொல்றது 'ரிவன்'. இன்னொண்ணு, இந்தப் பேரை ஒரு காலத்துல சட்டம் போட்டே அழிச்சிருக்காங்க. இனி நானும் ரிவன்னே சொல்றேன்.

முதல்ல இது ஒரு ஊர்ப் பேர்தான். ஸ்காட்லாந்தில் பெர்த் நகரத்துக்குப் பக்கத்துல இருந்த நிலம் அது. அதை ஆண்ட குடும்பம், நிலத்தோட பேரையே தன் பேரா எடுத்துக்கிச்சு. கேலிக் மொழியில் சிவப்பைக் குறிக்கிற சொல் அதுக்குள்ள இருக்குன்னு சொல்வாங்க.

சிக்கல் 1566-ல் ஆரம்பிக்குது. அரசி மேரி கர்ப்பமா இருக்காங்க. பேட்ரிக் ரிவன் பிரபு, நோய்ப் படுக்கையிலிருந்து எழுந்து, கவசம் போட்டுக்கிட்டு, ஆட்களோட அவங்க அறைக்குள்ள நுழையறார். அரசியின் செயலாளர் ரிஸியோவை இழுத்துட்டுப் போய்க் கொல்றாங்க. அன்னைக்கு மேரி வயித்துல இருந்த குழந்தைதான் பிற்கால மன்னர் ஆறாம் ஜேம்ஸ்.

1582-ல் ஜேம்ஸுக்கு 16 வயசு. பேட்ரிக்கோட மகன் வில்லியம், மன்னரையே தன் கோட்டையில் பிடிச்சு வைக்கிறார். கிட்டத்தட்ட பத்து மாசம் மன்னர் அந்தக் கூட்டத்தோட பிடியில்தான். 1584-ல் வில்லியமோட தலை போச்சு.

அப்புறம் 1600, ஆகஸ்ட் 5. வேட்டைக்குப் போன ஜேம்ஸ், பெர்த்ல இருந்த ரிவன் வீட்டுக்கு வர்றார். சாப்பாடு முடிஞ்சு கொஞ்ச நேரத்துல, "துரோகம்!"னு ஜன்னல் வழியா மன்னரோட கூச்சல். ஆட்கள் ஓடி வந்து வில்லியமோட மகன்கள் ஜான், அலெக்ஸாண்டர் ரெண்டு பேரையும் அங்கேயே கொன்னுடறாங்க. ரெண்டு பேருக்கும் இருபதை ஒட்டின வயசு. என்னைக் கொல்லப் பார்த்தாங்கன்னு மன்னர் சொன்னார். மறுத்துப் பேச அவங்க உயிரோட இல்ல. அரச குடும்பம் ரிவன்களுக்குப் பெரிய தொகை கடன்பட்டிருந்துச்சு என்பதையும் சேர்த்துப் பாருங்க. உண்மையில் யார் யாருக்கு வலை விரிச்சாங்கன்னு வரலாற்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடிட்டுதான் இருக்காங்க.

நவம்பர்ல பாராளுமன்றம் அந்தப் பிணங்களை வச்சே விசாரணை நடத்திச்சு. தண்டனை பேருக்கும் சேர்த்துதான்: ரிவன் என்கிற குடும்பப் பேரே இனி இருக்கக் கூடாது. கோட்டைக்கும் ஹன்டிங்டவர்னு புதுப் பேர்.

கடைசித் தம்பி பேட்ரிக் சின்னப் பையன். இங்கிலாந்துக்குத் தப்பி ஓடறான். ஆனா 1603-ல் அதே ஜேம்ஸ் இங்கிலாந்துக்கும் மன்னராயிடறார். பேட்ரிக் லண்டன் டவர் சிறைக்குப் போய், 1622-ல்தான் வெளியே வர்றார். அண்ணன்கள் செத்தப்போ பள்ளிப் பருவத்துல இருந்தவரோட இளமை முழுக்க அங்கேயே போச்சு. அவர் செஞ்ச குற்றம் அந்தப் பேர்ல பிறந்தது மட்டும்தான். என்னை ரொம்பத் தொந்தரவு பண்ற இடம் இதுதான்.

1641-ல் தடை நீங்குச்சு. அப்புறம் பேர் கதைகளுக்குள்ளயும் போச்சு. 1819-ல் போலிடோரி எழுதின 'தி வாம்பயர்' கதையில் ரத்தம் குடிக்கிற பிரபுவோட பேர் லார்ட் ரிவன். செத்தும் எழுந்து வர்ற பாத்திரத்துக்கு இதைவிடப் பொருத்தமான பேர் கிடைக்குமா?

ஸ்காட்லாந்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. கல்யாணத்தோட அம்மா வீட்டுக் குடும்பப் பேர் மறைஞ்சிடக் கூடாதுன்னு, அதையே பையனுக்கு முதல் பேரா வைப்பாங்க. கீத், புரூஸ், டக்ளஸ், கிரகாம் எல்லாமே முதல்ல குடும்பப் பேர்களா இருந்தவைதான். அழியணும்னு சட்டம் சொன்ன ரிவனும் அந்த வரிசையில் வந்து, கடைசியில் ஒரு விண்வெளிப் பூனைப் புத்தகத்தோட அட்டையில் உட்கார்ந்திருக்கு.

ஆனா அந்தக் கோட்டைக்கு மட்டும் பழைய பேர் திரும்பி வரவே இல்ல. இன்னைக்கு நீங்க பெர்த் பக்கம் போனாலும், அது ஹன்டிங்டவர்தான்.