நெதானம் தப்பினவர்கள்

கடலூர் சாலையில் அரியாங்குப்பத்தைத் தாண்டினால் நோணாங்குப்பம். நுணா மரத்தை நோணா என்று சொல்லும் வழக்கு உண்டு. ஊர்ப்பெயருக்குள் நிற்பது அந்த மஞ்சணத்தி மரம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. வெளியூர்க்காரர்களுக்கு இந்த ஆராய்ச்சியெல்லாம் எதற்கு? சுண்ணாம்பாற்றுப் படகுக் குழாமும் ஞாயிற்றுக்கிழமை வண்டி நெரிசலும்தான் அவர்களுக்கு ஊர். நான் துருவப் போவது வேறொரு பெயரை, ஒரு நோயின் பெயரை.

வயதான ஒருவர் பிறந்து வளர்ந்த தெருவிலேயே வழி தெரியாமல் நிற்கிறார். பெற்ற மகளைப் பார்த்து "யாரும்மா நீ" என்று கேட்கிறார். இந்தப் பக்கத்தில் வீட்டார் சொல்வது: "ஆயாவுக்கு நெதானம் தப்பிப்போச்சு." டாக்டர் சீட்டில் டிமென்ஷியா என்று எழுதுவார். மருத்துவ முகாம் துண்டறிக்கையில் 'முதுமை மறதி நோய்' என்று அச்சிட்டிருக்கும். மூன்றும் ஒரே ஆளைக் குறித்தாலும் மூன்றுக்கும் ஊர் வேறு, வயது வேறு. இவற்றில் நெதானம் என்ற சொல்லுக்குத்தான் நோயைப் பற்றி அதிகம் தெரியும் என்பது என் கட்சி.

எழுதும்போது நிதானம். வடமொழியில் இதற்கு மிகப் பழைய பொருள் கயிறு, கட்டுத்தளை. கட்டுவதிலிருந்து தொடுப்பது, தொடுப்பதிலிருந்து காரணம் என்று பொருள் நகர்ந்தது. பிறவிக்குக் காரணமான பன்னிரண்டு கண்ணிகளைப் பௌத்தர்கள் நிதானங்கள் என்றார்கள். ஆயுர்வேதத்தில் நோயின் காரணமும் அதைக் கண்டறிவதும் நிதானம். மாதவர் எழுதிய நோயறி நூலுக்கு மாதவ நிதானம் என்றே பெயர். இந்தியில் இன்றைக்கும் நிதான் என்றால் நோயைக் கண்டறிதல்தான்.

தமிழுக்கு வந்த நிதானம் டாக்டரை விட்டுவிட்டு நோயாளியிடம் போய்ச் சேர்ந்தது. கண்டறிகிற வேலையை எல்லாருக்கும் பொதுவாக்கினோம். பழைய தமிழ் வேதாகமத்தில் 'நிதானித்து அறிதல்' வரும். இன்னது இன்னதென்று பிரித்து உணர்வது அது. பேச்சில், "இருட்டுல ஆள் நெதானம் தெரியல" என்றால் முகம் பிடிபடவில்லை. "குடிச்சுட்டு நெதானத்துல இல்ல" என்றால் எங்கே இருக்கிறோம், என்ன பேசுகிறோம் என்பது அவனுக்குத் தெரியவில்லை. "நெதானமா எண்ணிக் குடு" என்றால் கவனமும் கணக்கும். மூளை நரம்பியல் டாக்டர் ஒருவர் கிழவரை உட்காரவைத்துச் சோதிப்பது எவற்றை? இடம் தெரிகிறதா, காலம் தெரிகிறதா, ஆள் தெரிகிறதா, கவனம் நிற்கிறதா, கணக்கு வருகிறதா, சொன்னது நினைவில் நிற்கிறதா, சொன்னதைச் செய்ய முடிகிறதா. நினைவு இந்த வரிசையில் ஒன்று, அவ்வளவுதான். வரிசை முழுவதையும் கொள்ளும் ஒரே நாட்டுச் சொல் நெதானம்.

மறதியின் கதை வேறு. மறதி இல்லாத ஆள் யார்? மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடுபவருக்கும் அதே சொல்தான். அதனாலேயே "மறதி இருக்கா?" என்று யார் வந்து கேட்டாலும் "இந்த வயசுல இல்லாம இருக்குமா" என்ற பதில் தயாராக நிற்கிறது. அந்தப் பதிலோடு விசாரணை முடிந்துவிடும். இன்னொரு சிக்கலும் உண்டு. தமிழில் மறதி தொன்றுதொட்டு ஒரு குணக்குறை. வள்ளுவர் மறவியைச் சோம்பல், தூக்கம், காலம் கடத்தல் ஆகியவற்றோடு சேர்த்து, கெட்டுப்போகிறவர்கள் விரும்பி ஏறும் கலம் என்கிறார். பரிமேலழகர் அதை மரக்கலம் என்று விளக்குவார். அவர்கள் பேசியது நோயைப் பற்றியல்ல, ஒழுக்கத்தைப் பற்றி. ஆனால் சொல் பழைய பழியையும் தூக்கிக்கொண்டு வருகிறது. காலையில் சாப்பிட்ட தட்டு இன்னும் கழுவாமல் கிடக்க, மாமியார் பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து "எனக்குச் சோறே போடல" என்று அழுகிறார். மருமகள் காதில் அது மறதியாக விழாது. "வேணும்னே பண்றாங்க" என்றுதான் படும். நெதானம் தப்பியது என்று சொல்லும்போது அந்த 'வேணும்னே'க்கு இடமில்லை. தப்புவது யாரும் செய்கிற காரியமன்று, நேர்கிற காரியம்.

யாழ்ப்பாணத்துக்காரர்கள் இதில் நம்மைவிடக் கொடுத்துவைத்தவர்கள். "அறளை பெயர்ந்து போச்சு" என்பார்கள். முதுமையில் அறிவு தடுமாறும் இந்த நிலைக்கென்றே வைத்திருக்கும் பேச்சு. அதையும் வசவாக்கத் தவறவில்லை என்பது வேறு விஷயம்: இருபது வயதுப் பையன் சாவியைத் தொலைத்தாலும் அவனுக்கும் அறளைதான்.

டிமென்ஷியா லத்தீன். மனத்தைவிட்டு அகன்ற நிலை என்பது வேர்ப்பொருள். தமிழ்நாட்டுக்கு அது ஆங்கில மருத்துவத்தோடு வந்தது. புதுச்சேரிக்கு அதன் பிரெஞ்சு உருவமான 'தெமான்ஸ்' ஆஸ்பத்திரி வழியாக மட்டுமல்ல, கோர்ட்டு வழியாகவும் வந்தது. 1804 பிரெஞ்சு சிவில் சட்டம், வழக்கமாகத் தெமான்ஸ் நிலையில் இருக்கும் பெரியவர் ஒருவரை, இடையிடையே தெளிவு வந்தாலும் சரி, சொத்து ஆளும் உரிமையிலிருந்து விலக்கவேண்டும் என்றது. 1810 தண்டனைச் சட்டம், அந்த நிலையில் செய்தது குற்றமே ஆகாது என்றது. இந்தச் சட்டங்கள் 1819இல் பிரெஞ்சிந்தியப் பகுதிகளுக்கு வந்தன. குடும்ப விவகாரத்தில் தமிழர்களுக்கு அவரவர் சாதி வழக்கமே சட்டமாக நீடித்தது. 1881 செப்டம்பர் 21 ஆணைக்குப் பிறகு, அந்த வழக்கத்தைத் துறந்து எழுதிக் கொடுத்தவர்கள் பிரெஞ்சு சிவில் சட்டத்தின்கீழ் வந்தார்கள். இவர்களே ரெனோன்சான்கள். 1954இல் ஆட்சி கைமாறி, 1962இல் சட்டப்படியும் இந்தியாவோடு சேர்ந்த பிறகும் அவர்கள் குடும்பங்களுக்கு அந்தச் சட்டம் தொடர்ந்தது. பிரான்சோ 1968இல் உரிமையை அடியோடு பறிக்கும் பழைய முறையைத் தூக்கிவிட்டு, ஆளின் நிலைக்கேற்ற பாதுகாப்பு முறைகளைக் கொண்டுவந்தது. அப்போது புதுச்சேரி அவர்கள் கையில் இல்லை.

இந்தச் சட்டவாடை நம் பத்திர எழுத்தர்களிடமும் உண்டு. "தெளிந்த புத்தியுடனும் நல்ல ஞாபகத்துடனும்" என்று எழுதாத உயில் ஏது? கிழவருடைய நெதானம் பற்றிய கேள்வி பல குடும்பங்களில் முதன்முதலாக எழுவது பத்திரப் பதிவு அலுவலகத்தில்தான். அதற்குள் காலம் கடந்திருக்கும்.

பிரெஞ்சுக்காரர்களிலும் ஈரமுள்ளவர்கள் இருந்தார்கள். மனநோய் மருத்துவர் எஸ்கிரோல், தெமான்ஸ் வந்தவரைப் பணக்காரராக இருந்து ஏழையானவர் என்று வர்ணித்தார். நோயின் பெயர் அங்கேயே நிற்கவில்லை. 1906 நவம்பரில் ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர், அகஸ்டே என்ற பெண்ணின் மூளையில் கண்டதை டியூபிங்கனில் மருத்துவர்கள் முன் விவரித்தார். 1910இல் மனநோய் மருத்துவர் கிரேப்பலின் தம் பாடநூலில் அந்த நோய்க்கு அல்சைமர் பெயரைச் சூட்டினார். ஜப்பானியர்கள் 2004இல் மந்தம், மடமை என்று பொருள்படும் பழைய பெயரை அரசு முடிவாகவே நீக்கிவிட்டு 'நிஞ்சிஷோ' என்று மாற்றினார்கள். அறிதல் சார்ந்த நோய் என்று பொருள்.

பெயருக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. வளரும் நாடுகளின் டிமென்ஷியாவை ஆராய 1998இல் தொடங்கிய 10/66 ஆய்வுக் குழு, இந்தியாவில் சென்னையிலும் வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களிலும் வீடுவீடாகப் போனது. முடிவுகள் 2008இல் லான்செட் இதழில் வந்தன. அமெரிக்க அளவுகோலின்படி இந்தியக் கிராமப்புறத்தில் 65 வயதைத் தாண்டியவர்களில் டிமென்ஷியா 0.3 சதவீதம், கியூபாவில் 6.3. அந்தக் குழு இத்தகைய நாடுகளுக்கென்றே வகுத்த முறையில் எண்ணியபோது எந்த ஆய்வுப் பகுதியிலும் 5.6 சதவீதத்துக்குக் குறையவில்லை. கிராமத்துக் கிழவர்கள் ஒன்றும் திடீரென்று நோயாளிகளாகிவிடவில்லை. அமெரிக்க அளவுகோல் நினைவோடு அன்றாட வேலையும் கெட்டிருக்கிறதா என்று பார்க்கிறது. நம் வீடுகளில் கிழவியின் வேலையை மகளும் மருமகளும் சத்தமில்லாமல் எடுத்துக்கொள்வார்கள். அடுப்பு, கடை, காசு எல்லாம் கைமாறிய பிறகு "ஏதாவது சிரமம் இருக்கா" என்று கேட்டால் என்ன சொல்வார்கள்? "ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்காங்க." பிற்பாடு இந்தியா முழுவதும் நடந்த மூத்தோர் ஆய்வு 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம், அதாவது சுமார் 88 லட்சம் பேர் என்று மதிப்பிட்டது.

கேள்வித்தாளைப் பற்றியும் சொல்லவேண்டும். உலகெங்கும் புழங்கும் 30 மதிப்பெண் சோதனை 1975இல் அமெரிக்காவில் உருவானது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு ஏற்றபடி 1990களில் ஹரியானாவின் பல்லப்கர் பகுதியில் அதை இந்தியில் மாற்றியமைத்தார்கள். 'கண்ணை மூடு' என்று எழுதிக் காட்டிப் படிக்கச் சொல்லும் இடத்தில், "என் முகத்தைப் பாருங்க, நான் செய்யற மாதிரியே செய்யுங்க" என்று சொல்லிக் கண்ணை மூடிக் காட்டுவார்கள். ஒரு வாக்கியம் எழுது என்பதற்குப் பதில், உங்கள் வீட்டைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள். அருமையான மாற்றங்கள். ஆனால் இடம் பற்றிய கேள்விகளை நோணாங்குப்பத்தில் கேட்டுப் பாருங்கள். எந்த மாநிலம்? புதுச்சேரி. எந்த மாவட்டம்? புதுச்சேரி. பக்கத்து நகரம்? புதுச்சேரி. மாநிலமே இல்லை, யூனியன் பிரதேசம் என்று திருத்தும் கிழவருக்கு எத்தனை மதிப்பெண்? 2006 வரை அரசுப் பெயரே பாண்டிச்சேரிதான். பேச்சில் இன்றும் பாண்டி. இந்த ஊரில் உருப்படியான கேள்வி: இது எந்தக் கொம்யூன் பஞ்சாயத்து? அரியாங்குப்பம் என்று சொல்பவருக்கு இடநெதானம் இருக்கிறது. வயதைக் கேட்காமல், வெள்ளைக்காரன் கொடி இறங்கியபோது உங்களுக்கு என்ன வயது என்று கேட்டால் காலநெதானமும் தெரிந்துவிடும்.

இந்தச் சோதனை நோயை உறுதி செய்வதில்லை. யாரை டாக்டரிடம் அனுப்பலாம் என்று காட்டும், அவ்வளவே. பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, காது கேளாமை, சில மாத்திரைகள் ஆகியவையும் நெதானத்தைக் கெடுக்கும். இவற்றில் பலவற்றைச் சரிசெய்ய முடியும். வயசாச்சு என்று விட்டுவிடக்கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

இப்படிச் சோதிக்க வைக்கிற முகாமுக்கும் ஒரு கதை உண்டு. அந்தச் சொல் அரபியிலிருந்து பாரசீகம் வழியாக வந்தது. படைகள் வழியில் தங்கும் இடம். தங்கியது கிளம்பிவிடும். கண்புரைக்கு முகாம் பொருந்தும்: வந்தார்கள், பார்த்தார்கள், அறுவைக்கு அழைத்துப் போனார்கள். ஆண்டுக்கணக்கில் கூடவே வரும் இந்த நோய்க்கு அது போதாது. சென்னையில் 1984இல் டாக்டர் சாரதா மேனன் தொடங்கிய ஸ்கார்ஃப் மனநல நிறுவனம் டிமென்ஷியாவுக்கென்றே தனிப் பிரிவு நடத்துகிறது. சிறு குழுவாக உட்காரவைத்துப் பேச்சும் பாட்டும் விளையாட்டுமாக மூளைக்கு வேலை தரும் பிரிட்டிஷ் பயிற்சி ஒன்றைத் தமிழுக்கு ஏற்றபடி அங்கே மாற்றிச் சோதித்தார்கள். வாரம் இரண்டு என்று ஏழு வாரத்தில் 14 அமர்வு. கேரள அரசு தன் டிமென்ஷியா திட்டத்துக்கு 'ஓர்மத்தோணி', நினைவின் தோணி என்று பெயர் வைத்தது. பரிமேலழகரின் மரக்கலம் இங்கே எதிர்த்திசையில் போகிறது. இப்படியொரு பெயர் நமக்குத் தோன்றவில்லையே என்று எனக்குப் பொறாமை.

கூட இருந்து கவனிப்பவரை என்னவென்று அழைப்பது? அரசுத் தமிழில் பராமரிப்பாளர். பராமரிப்பின் வடமொழி மூலத்துக்கு ஆராய்தல், எண்ணிப் பார்த்தல் என்று பொருள். இப்போது அது அதிகம் புழங்குவது 'மாதாந்திரப் பராமரிப்புப் பணிக்காக மின்தடை' என்ற அறிவிப்பில். 2007 மூத்த குடிமக்கள் சட்டத்தில் பராமரிப்பு என்பது கடைசியில் பணத்தில் போய் முடிகிறது. தீர்ப்பாயம் மாதம் 10,000 ரூபாய் வரை தரச் சொல்லலாம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம்தான் நோயாளியோடு வசித்துப் பொறுப்பேற்றிருக்கும் ஆளைத் தனியாக வரையறுக்கிறது. பிரான்சில் 2015 டிசம்பர் 28 சட்டம் அவருக்கு 'ப்ரோஷ் எய்தான்', அருகிருந்து உதவுபவர் என்று பெயர் கொடுத்தது.

நோணாங்குப்பத்தில் ஒரு மருமகளிடம் போய் "நீங்கதான் பராமரிப்பாளரா?" என்று கேட்டால் மின்துறை ஆளைத் தேடி வந்திருப்பதாக நினைப்பார். "அத்தைய யாரு பாத்துக்கறாங்க?" என்று கேட்டால், "நான்தான், வேற யாரு" என்று உடனே வரும். ஒரு பக்கம் கடலூர் சாலை, இன்னொரு பக்கம் ஆறு. ராத்திரி தாழ்ப்பாள் சத்தம் கேட்டாலே எழுந்து உட்காருகிறவர் அவர்.

ஆகவே, அடுத்த முறை யாராவது இந்தப் பக்கத்துக்குப் படிவம் தயாரித்தால் 'மறதி உண்டா?' என்ற முதல் கேள்வியை எடுத்துவிடலாம். "எப்பவும் போற வழியில நெதானம் தப்புறாங்களா? கடைக்காரன் குடுத்த மீதிக் காசு நெதானமா எண்ணுறாங்களா? முன்ன அவங்க செஞ்ச வேலை எதையெல்லாம் இப்ப நீங்க எடுத்துக்கிட்டீங்க?" என்று கேட்கலாம். கடைசியில், பாத்துக்கறவங்களுக்கென்று ஒரு கட்டம்: "நீங்க தூங்கறீங்களா?" 'இல்லை' என்று பதில் வந்தால், மூத்தோர் உதவி எண் 14567ஐயும் மனநல உதவி எண் 14416ஐயும் அந்தத் தாளின் பின்பக்கமே பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம்.