நரம்பின் வழியே வந்த நித்திரை

சித்தூர், திருப்பதிப் பக்கத்துக் குடும்பங்களில் ஒருவருக்கு ரண சிகிச்சை என்று நாள் குறித்துவிட்டால், மஞ்சள் துணியில் காசு முடிந்து ஏழுமலையானுக்கு வேண்டிக்கொண்ட பிறகே ஆஸ்பத்திரிக்குப் புறப்படுவார்கள். அந்த வேண்டுதலில் கத்தியைப் பற்றிய பயத்தோடு மயக்கத்தைப் பற்றிய பயமும் கலந்திருந்தது; அதில் நியாயமும் இருந்தது. 1847-இல் கல்கத்தாவில் ஈதர் என்னும் மயக்க மருந்து வந்தது முதல் பல்லாண்டுக் காலம், துணியையோ துணி போர்த்த கம்பிக் கூட்டையோ முகத்தில் கவிழ்த்து மருந்தை விட, நோயாளி மூச்சு முட்டி, இருமி, கைகால் உதறி, சில நிமிஷங்கள் மல்லாடிய பின்னரே பிரக்ஞை அடங்கிற்று.

மருந்தை நேரே இரத்தக் குழாயில் செலுத்த 1874-இல் பிரான்ஸின் போர்தோ நகரத்து மருத்துவர் ஓரே, குளோரல் என்னும் மருந்தைக் கொண்டு முயன்றார். ஆபத்து மிகுந்திருந்தமையால் அம்முறை நிலைக்கவில்லை. நிலைத்தது, அமெரிக்காவில் வால்வைலரும் டேபர்னும் உருவாக்கி, 1934 மார்ச் 8-ஆம் நாள் மருத்துவர் வாட்டர்ஸ் முதன்முதலாக நோயாளிக்குக் கொடுத்த பென்டதால். வெளிர்மஞ்சள் தூள் அது, வாலைநீரில் கரைத்து, நம்மவர் 'நரம்பு ஊசி' என்று சொல்லும் சிரை வழியில் ஏற்றியதும், நாவில் பூண்டு வாடை தட்டும், ஒரு கொட்டாவி, முப்பது விநாடிக்குள் உறக்கம். தவறித் தமனியில் ஏறினாலோ, விரல்கள் அழுகிப்போகவும் கூடும்.

சில நிமிஷங்களில் நோயாளி விழித்துக்கொள்வது மருந்து அழிந்ததனால் அன்று. திருமலையில் கருட சேவை கண்ட ஜனத்திரள் மாடவீதியை விட்டு ஊர் ஊராகப் பிரிந்துவிடுவதுபோல, அது மூளையை விட்டுத் தசைகளுக்குச் சென்றுவிடுகிறது. மேன்மேலும் ஏற்றினால் அங்கும் இடம் நிறைந்து, விழிப்பு வரத் தாமதமாகும்.

இனிச் சித்தூர்ப் பக்கத்துக்குத் திரும்புவோம். வட ஆற்காட்டின் தலைநகராக இருந்து, 1911-இல் தனி ஜில்லாவாகி, 1953-இல் ஆந்திரத்தோடு சேர்ந்த சித்தூருக்குப் பெரிய வைத்தியம் என்றால் நெடுங்காலம் வேலூர்தான். 1960-இல் திருப்பதியில் ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவக் கல்லூரி தோன்றியபோது, உலகெங்கும் நரம்பு வழி மயக்கத்தில் பென்டதாலே கோலோச்சிக்கொண்டிருந்தது. 1970-இல் விற்பனைக்கு வந்த கெடமின், மூச்சை அதிகம் அடக்காமல் வலியையும் போக்கியதால், வசதி குறைந்த ஆஸ்பத்திரிகளுக்கு உற்ற துணையாயிற்று. 1986-இல் மேல்நாட்டில் வெளிவந்த புரோபோஃபாலோ, சோயா எண்ணெயில் கரைந்து, பசும்பால் நிறத்தில் இருப்பது. தெளிவான விழிப்பைத் தருவது. ஏறும்போது மட்டும் கையை எரிப்பது. அதனால்தான் மயக்க மருத்துவர்கள் ஊசியை அழுத்துமுன், மஞ்சள் முடிப்பை மாமியாரிடம் கொடுத்துவிட்டு மேஜையில் படுத்திருக்கும் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் எரியும், பொறுத்துக்கொள் அம்மா" என்று தமிழிலும் தெலுங்கிலும் சொல்லிவிடுகிறார்கள்.