நகையும் அவையும்

மெய்ப்பாடுகள் எட்டென வகுத்த தொல்காப்பியர் அவற்றுள் நகையை முதலில் வைத்தார். பேசுவோர்க்கு வேண்டிய தகுதிகளை விளக்க வந்த வள்ளுவர் அவையறிதல், அவையஞ்சாமை என இரண்டு அதிகாரங்கள் அமைத்தார். நகையையும் அவையையும் ஒருசேரக் கொண்டு வாழும் கலையொன்று இன்று உலகெங்கும் பரவியுள்ளது. ஒருவர் தனியே மேடையேறி, ஒலிவாங்கியின் முன் நின்று, கதையின் துணையும் உடன் நடிப்போர் துணையும் இன்றித் தம் பேச்சினால் மட்டுமே மக்களைச் சிரிக்கவைக்கும் கலை அது. ஆங்கிலத்தில் அதனை ‘ஸ்டேண்ட் அப் காமெடி’ என்பர். ஈண்டு அதனைத் தனியாள் நகைச்சுவை என வழங்குவோம்.

இக்கலை தன் இன்றைய உருவத்தைப் பெரும்பாலும் அமெரிக்க நாட்டிலேயே பெற்றது. அதன் வரலாறு என்றதும் மேடையில் நின்றோரின் பெயர்களே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும், எதிரே வந்து அமர்ந்தவர்கள் யார், அவர்கள் எத்தகைய மனநிலையோடு வந்தார்கள் என்பதே மேடையில் எதைச் சொல்லலாம் என்பதைக் காலந்தோறும் முடிவு செய்துவந்தது. ஆகவே அவ்வரலாற்றை அவையோர் பக்கமிருந்து காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொற்பொழிவு மேடை

1866ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், மார்க் டுவெய்ன் என்னும் புனைபெயர் கொண்ட செய்தியாளர் சான் பிரான்சிஸ்கோ நகரில் சொற்பொழிவாற்றினார். தாம் அண்மையில் கண்டுவந்த ஹவாய்த் தீவுகளே அவருடைய பொருள். எட்டு மணிக்குத் தொல்லை தொடங்கும் என்று விளம்பரத்திலேயே வேடிக்கை செய்திருந்தார். எனினும் உள்ளூர அவரை அச்சம் வாட்டியது. அவையினர் சிரிக்காமற் போய்விடின் என் செய்வது என்று அஞ்சி, உரிய இடங்களில் உரக்கச் சிரிக்குமாறு நண்பர்கள் சிலரை அரங்கினுள் அமர்த்திவைத்ததாகப் பின்னாளில் அவரே எழுதினார். தாம் உள்ளம் உருகப் பேசிய ஓரிடத்தில் அவ்வேற்பாட்டினால் தவறாகச் சிரிப்பு எழுந்ததையும் மறைக்காமல் குறிப்பிட்டுள்ளார். இக்கலையில் அவையோர் பாதிப் பங்காளிகள் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

குடும்பத்தோடு வந்த கூட்டம்

அக்காலத்துப் பல்சுவை அரங்குகள் மதுவும் கூச்சலும் நிறைந்த இடங்களாய் இருந்தன. அங்கு வருவோர் பெரும்பாலும் ஆடவரே. 1881இல் டோனி பாஸ்டர் என்பார் நியூயார்க் நகரின் 14ஆம் தெருவில் இதற்கு மாறான அரங்கு ஒன்றைத் திறந்தார். மதுவை விலக்கி, பேச்சைத் தூய்மைப்படுத்தி, பெண்களும் பிள்ளைகளும் வரத்தக்க இடமாக அதனை நடத்தினார். பிறரும் அவ்வழியைப் பின்பற்றவே, ‘வாட்வில்’ எனப்பட்ட பல்சுவைக் கலை நாடெங்கும் பெருகியது. குடும்பத்தார் வந்தனர், வருவாயும் வளர்ந்தது. அதே வேளையில் கடுஞ்சொற்களைத் தடைசெய்யும் விதிகள் திரைக்குப் பின்னே ஒட்டப்பட்டன. அவை விரிந்தபொழுது நாவின் எல்லை சுருங்கிற்று. 1930களில் பேசும்படமும் வானொலியும் அக்கலையை வீழ்த்தின. நகைச்சுவையாளர்கள் இரவு விடுதிகளுக்கும் உல்லாச விடுதிகளுக்கும் பெயர்ந்தனர்.

நிறவேறுபாட்டின் நடுவே

இவ்வரங்குகள் யாவும் எல்லார்க்கும் ஒன்றுபோல் திறந்திருக்கவில்லை. கறுப்பின மக்களுக்குப் பல இடங்களில் நுழைவே இல்லை. நுழைந்தாலும் மேல்மாடியின் கடைசி வரிசையே கிடைத்தது. ஆதலால் அவர்களுக்கென்று தனி அரங்குகள் எழுந்தன. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் உள்ள அப்பல்லோ அரங்கு 1934 முதல் அம்மக்களின் கலைக்கூடமாக விளங்கிவந்தது. பல்லில்லாப் பாட்டியாக வேடம் பூண்டு ‘மாம்ஸ்’ மேப்லி அங்கே பல ஆண்டுகள் பேசினார். முதியவள் பேச்சை யார் தடுப்பார்? பிறர் சொல்ல அஞ்சியவற்றை அவர் சொன்னார். 1962இல்தான் கார்னகி மண்டபத்தின் மேடை அவருக்குக் கிட்டியது.

அதற்கு ஓராண்டு முன்னர், 1961 ஜனவரி 13ஆம் நாள் இரவு, டிக் கிரிகரி என்னும் கறுப்பின இளைஞர் சிகாகோ விடுதியொன்றில் மற்றொருவருக்கு மாற்றாக மேடையேறினார். எதிரே இருந்தோருட் பலர் தென்மாநிலங்களிலிருந்து வந்த வெள்ளை வணிகர்கள். அந்நாளில் தென்மாநிலங்களில் நிறவேறுபாடு சட்டமாகவே நிலவியது. அவர் பின்வாங்கவில்லை, அந்நிறவேறுபாட்டையே நகைப்பொருளாக்கி அவர்கள் முன் வைத்தார். அவர்களும் சிரித்தனர். ஓரிரவுக்கென வந்தவர் பல வாரங்கள் அங்கே நிலைத்தார். வள்ளுவர் கூறிய அவையஞ்சாமைக்கு இதனை ஓர் எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

நீதிமன்றம் ஏறிய நகைச்சுவை

இனி, இவ்வரலாற்றின் மிகக் கசப்பான பகுதியைக் காண்போம். லென்னி புரூஸ் என்பவர் சமயம், அரசியல், பாலுறவு ஆகியவற்றைப் பற்றி வெளிப்படையாகப் பேசியவர். பண்பட்ட செவிகள் சுளிக்கும் சொற்களை அவர் ஆண்டதும் உண்மையே. 1961இல் சான் பிரான்சிஸ்கோவில் கைதானார். அடுத்த ஆண்டு விடுதலை பெற்றார். 1964 ஏப்ரலில் நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் பகுதியில், தாம் பேசிவந்த சிற்றரங்கில் மீண்டும் கைதானார்.

அவ்வழக்கில் நாம் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. நகர உரிமத்துறை ஆய்வாளர் ஒருவர் அவையில் அமர்ந்து குறிப்பெடுத்திருந்தார். அக்குறிப்புகளைக் கொண்டு அவர் நீதிமன்றத்தில் புரூஸின் பேச்சைத் திருப்பிச் சொன்னார். அதில் குரலின் ஏற்ற இறக்கம் இல்லை, இடைவெளி இல்லை, முன்னும் பின்னும் இல்லை. இவர் என் நிகழ்ச்சியைக் கெடுத்து நடிக்கிறார், தண்டனையோ எனக்கு வரப்போகிறது என்னும் பொருள்பட புரூஸ் குமுறினார். எழுத்தாளர்கள் பலர் அவருக்கு ஆதரவாகக் கையொப்பமிட்டும் பயனில்லை. மூன்று நீதிபதிகளுள் இருவர் குற்றவாளியென்றனர். நான்கு மாதத் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீடு முடிவதற்குள், 1966 ஆகஸ்டு 3ஆம் நாள், தம் 40ஆம் வயதில் அவர் மாண்டார். 2003 டிசம்பரில் நியூயார்க் மாநில ஆளுநர் அவருக்கு மன்னிப்பு வழங்கினார். இறந்தார் ஒருவர்க்கு அம்மாநிலம் மன்னிப்பு அளித்தது அதுவே முதன்முறை. அம்மன்னிப்பு வர 37 ஆண்டுகள் கழிந்திருந்தன.

அவையோர் கொடுத்த பணம்

1970களில் நகைச்சுவைக்கென்றே தனி அரங்குகள் பெருகின. 1972இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் தொடங்கிய ‘காமெடி ஸ்டோர்’ அவற்றுள் புகழ்பெற்றது. மக்கள் கட்டணம் செலுத்தி உள்ளே சென்றனர். பணியாளருக்குச் சம்பளம் கிடைத்தது. சிரிக்கவைத்தவர்க்கு மட்டும் ஒரு காசும் இல்லை. இஃது ஒரு கல்லூரி, கற்க வருவோர்க்குச் சம்பளம் எதற்கு என்பதே உரிமையாளரின் வாதம். ஆசிரியர்களாகிய நாம் இவ்வாதத்தைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். கற்போனைக் காட்டிக் கட்டணம் வாங்கும் கல்லூரி எங்கேனும் உண்டோ? 1979இல் கலைஞர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். ஏறத்தாழ ஆறு வாரப் போராட்டத்திற்குப் பின், ஒருமுறை மேடையேற 25 அமெரிக்க வெள்ளி என முடிவாயிற்று.

அவ்வாண்டு மே மாதத்தில் இலண்டன் சோஹோ பகுதியிலும் அதே பெயரில் ஓர் அரங்கு திறக்கப்பட்டது. அங்கே சோர்வூட்டிய பேச்சாளரை அவையினர் கூச்சலிட்டு விலக்கினர், உடனே சேகண்டி ஒலிக்கும், அவர் இறங்கவேண்டியதுதான். கடுமையான தீர்ப்பே எனினும், அது நேரிற் கேட்டவர்கள் அளித்த தீர்ப்பு.

முடிவுரை

இன்று அரங்கில் சொல்லப்பட்ட ஒரு மணி நேரப் பேச்சிலிருந்து அரை நிமிடத்தை வெட்டியெடுத்துக் கைப்பேசி வழியே ஊரெங்கும் அனுப்பிவிட முடிகின்றது. அதைக் காண்பவர் அவையில் இருந்தவர் அல்லர். 1964இல் ஓர் ஆய்வாளர் செய்த வேலையை இன்று யார் வேண்டுமானாலும் செய்யலாம். புண்படுத்தும் பேச்சுக்கு வரம்பு வேண்டாவா எனின், வேண்டும். ஆயின் அவ்வரம்பை வகுப்போர் முதலில் முழுமையாகக் கேட்டவராதல் வேண்டும்.

மாணவர்கள் இத்தகைய அரங்குகளுக்குத் தக்க வயதில் சென்று காண்பது நன்று. அங்கே பேசுபவரை மட்டும் நோக்காமல், பக்கத்தில் அமர்ந்து சிரிப்பவரையும், சிரிக்காமல் இருப்பவரையும் அவர்கள் நோக்கவேண்டும். ஒரு சொல் ஏன் ஒருவரை மகிழ்வித்து மற்றவரை வருத்துகிறது என்று எண்ணத் தொடங்கும் மாணவன், அவையறிதலின் முதற்பாடத்தைக் கற்றவனாவான்.