மஞ்சட் பூவும் இன்சுலினும்

மே மாதம் பிறந்ததும் ரொறன்ரோவின் புற்றரைகள் மஞ்சட் பூக்களால் நிறைகின்றன. டன்டிலையன் எனப்படும் இச்செடியை ஐரோப்பியக் குடியேறிகள் கீரைக்காகவும் மருந்துக்காகவும் இக்கண்டத்திற்குக் கொணர்ந்தனர். சிறுநீரைப் பெருக்கும் அதன் குணங்கருதிப் பிரெஞ்சு மக்கள் அதற்குப் பெயரும் சூட்டினர். அதன் வேரை அவித்துக் குடித்தால் நீரிழிவு நீங்குமென நம்மவருள் நம்புவோர் உளர்.

அவ்வேரில் இனுலின் என்னும் நார்ப்பொருள் உண்டு. பெயர் ஒத்திருப்பினும் அது இன்சுலின் அன்று. இன்சுலின் நமது சதையியிற் சுரக்கும் ஓமோன். அதைச் சுரக்கும் கலத்திட்டுகள் 'தீவுகள்' எனப்பட்டமையால், தீவைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து அப்பெயர் பிறந்தது.

அதனை மருந்தாக்கியது நாம் வாழும் இந்நகரமே. முன்னர் பட்டினி உணவே சிகிச்சை. நோயுற்ற சிறுவர் மெலிந்து மாண்டனர். 1921 இல் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் மக்லியொட்டின் ஆய்வுகூடத்தில், பிரெடெரிக் பன்ரிங்கும் சாள்ஸ் பெஸ்ற்றும் விலங்குகளின் சதையியிலிருந்து சாறு பிரித்தனர். 1922 ஜனவரி 11 ஆம் நாள் ரொறன்ரோ பொது வைத்தியசாலையில் 14 வயதுச் சிறுவன் லெனாட் தொம்சனுக்கு முதல் ஊசி ஏற்றப்பட்டது; பயன் சிறிதே. கொலிப் தூய்மையாக்கிய சாறு 23 ஆம் நாள் ஏற்றப்பட்டபோது சர்க்கரை தணிந்தது. அச்சிறுவன் மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். பன்ரிங், பெஸ்ற், கொலிப் மூவரும் 1923 இல் காப்புரிமையைத் தலா ஒரு டொலருக்குப் பல்கலைக்கழகத்திடம் கையளித்தனர்.

டன்டிலையன் சர்க்கரையைக் குறைப்பதாக விலங்குச் சோதனைகள் சில காட்டியுள்ளன. மனிதரிடத்துப் போதிய சான்றில்லை. இலையைக் கீரையாக உண்போம். ஆயின் அதனை நம்பி ஊசியையோ மாத்திரையையோ கைவிடாதிருப்போம். இன்சுலினால் உயிர்வாழ்வோர் அதனை நிறுத்துவது, 1922 க்கு முந்திய காலத்திற்குத் திரும்புவதேயாகும்.