எழுநூறு என்னும் எல்லை

அமெரிக்கக் கலாசாலைகளின் விளையாட்டு, பிறந்த நாளிலேயே வியாபாரத்தின் கையைப் பிடித்துக்கொண்டது. 1852-ல் வின்னிபெசாக்கி ஏரியில் ஹார்வர்டு, யேல் மாணாக்கர்கள் நடத்திய முதல் படகுப் பந்தயத்துக்கே, பிரயாணிகளைத் திரட்ட விரும்பிய ஓர் இரயில் கம்பெனிதான் செலவு செய்தது. பந்தய ஜெயமே கலாசாலையின் கீர்த்தி என்று ஆனபின், எழுத்து வாசனை குன்றிய பையனாயினும் ஆட்டத்தில் சூரனானால் அவனைச் சேர்த்துக்கொள்ள நிர்வாகிகள் பலர் கூசவில்லை.

இதைக் கட்டுப்படுத்த, கலாசாலை விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. சங்கம் 1965-ல் வகுத்த விதி விசித்திரமானது. பள்ளி மதிப்பெண்ணையும் பரீட்சையையும் வைத்து, இவன் கலாசாலையில் நாலுக்கு 1.6 புள்ளியாவது பெறுவானா என்று ஜாதகம் கணிப்பதுபோல் முன்கூட்டியே கணித்தார்கள்! 1973-ல் அதையும் கைவிட்டு, பள்ளியில் 2.0 சராசரி இருந்தால் போதும் என்றார்கள். எந்தப் பாடத்தில் என்று கேட்பாரில்லை. அக்காலத்தில் ஓக்லஹோமா ஸ்டேட் சர்வகலாசாலையில் பயின்று, பின்னர் தொழில்முறை ஆட்டத்தில் பெரும் புகழ் எய்திய டெக்ஸ்டர் மான்லி, வாசிக்கத் தெரியாமலே கலாசாலையைக் கடந்து வந்ததை 1989-ல் செனட் கமிட்டி ஒன்றின் முன் கண்ணீருடன் ஒப்புக்கொண்டார்.

1983-ல் சங்கம் நிறைவேற்றி 1986-ல் அமலுக்கு வந்த நாற்பத்தெட்டாம் தீர்மானம், முக்கியப் பாடங்கள் பதினொன்றில் 2.0 சராசரியும், எஸ்.ஏ.டி. என்னும் கலாசாலை நுழைவுப் பரீட்சையில் 1600-க்கு 700-ம் இல்லாதவன் முதலாண்டு களமிறங்கக் கூடாது என்றது. ஒரு வினாவுக்கும் விடை எழுதாதவனுக்கே அப்பரீட்சை 400 அளித்துவிடும் என்பதால் 700 அற்பமாகத் தோன்றலாம். ஆனால் ஏழைப் பள்ளிகளிலிருந்து வந்த கறுப்பின இளைஞர்களே அவ்வெல்லையில் பெரும்பாலும் இடறினர். அவர்களுக்கெனத் தோன்றிய கலாசாலைகளின் தலைவர்கள் ஆட்சேபித்தது முற்றிலும் நியாயமே. பேராசை கலாசாலையுடையது, தண்டனை மட்டும் மாணாக்கனுக்கு. 1989-ல், ஒரு நிபந்தனையை மட்டும் நிறைவேற்றியவர்களுக்கும் உபகாரச் சம்பளத்தை மறுக்கும் நாற்பத்திரண்டாம் தீர்மானம் வந்தபோது, ஜார்ஜ்டவுன் சர்வகலாசாலைக் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஜான் தாம்ஸன், அதைக் கண்டித்து, ஆட்டம் தொடங்கும் தறுவாயில் அரங்கை விட்டு வெளியேறினார். மறு ஆண்டே அத்தீர்மானம் தளர்த்தப்பட்டது.

கலாசாலையையே பொறுப்பாக்கும் அளவுகோல் இந்நூற்றாண்டில்தான் ஏற்பட்டது. அதன்படி, 2011-ல் கூடைப்பந்து வாகை சூடிய கனெக்டிகட் சர்வகலாசாலை, தன் ஆட்டக்காரர்களின் படிப்புக் குறைவால் 2013-ஆம் ஆண்டுப் போட்டியிலிருந்து விலக்கப்பட்டது. எஸ்.ஏ.டி. நிபந்தனையோ 2023-ல் முழுவதும் நீக்கப்பட்டது; பதினாறு பாடங்களில் 2.3 சராசரி என்ற விதி இன்றும் நிற்கிறது.