கோதிக் பேராலயக் களப்பயணத் திட்டமிடல்: சாந்தோம் பேராலயத்தை முன்வைத்து

முன்னுரை

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரிலுள்ள முதலாம் பராந்தகனின் கி.பி. 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலை முறையை விரிவாகக் கூறுகின்றன. பெருநகர் முதலிய சுற்றூர் மாணவர்கள் இவற்றை எளிதில் நேரிற் காணலாம். அங்கு எழுத்தின் காலத்தை ஆட்சியாண்டு உணர்த்துகிறது. அவர்களே சென்னைச் சாந்தோம் பேராலயத்திற்குச் செல்லும்போது காலத்தைக் கணிக்க வேறு வழி தேவைப்படுகிறது. அதற்கேற்பக் களப்பயணத்தைத் திட்டமிடும் முறையை இக்கட்டுரை ஆராய்கிறது.

காலப் படிநிலைகள்

சாந்தோமில் நான்கு காலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்துள்ளன. திருத்தூதர் தோமா கி.பி. 72இல் மயிலாப்பூரில் உயிர்நீத்தார் என்பது கிறித்தவ மரபு. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ, மாபார் நாட்டில் தோமாவின் கல்லறை உள்ளதாகக் குறித்துள்ளார். 1520களில் போர்ச்சுக்கீசியர் அங்குத் தேவாலயம் எழுப்பினர்; 1606இல் மயிலாப்பூர் மறைமாவட்டம் உருவானது. இன்று காணும் கட்டடமோ 1896இல் நிறைவுற்றது. எனவே, இதனைப் ‘போர்ச்சுக்கீசியர் காலக் கோதிக் ஆலயம்’ என 16ஆம் நூற்றாண்டிற்கு உரியதாக எழுதுவது பொருந்தாது.

கோதிக், புதுக்கோதிக்

கோதிக் பாணி 12ஆம் நூற்றாண்டில் பிரான்சில் தோன்றியது. பாரிசுக்கு அருகிலுள்ள புனித தெனி ஆலயம் அதன் தொடக்கச் சான்றுகளுள் முதன்மையானது. கூர்வளைவு, விலாவளைவுக் கூரை, தாங்குசுவர், வண்ணக் கண்ணாடிச் சாளரம் ஆகியன அதன் கூறுகள். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் இப்பாணி மீட்டெடுக்கப்பட்டது. சாந்தோம் அம்மீட்டெடுப்பின் விளைவாதலின் அது ‘புதுக்கோதிக்’ எனப்படும். ஏறத்தாழ 155 அடி உயரக் கோபுரம் அதன் புறத்தோற்றத்தை முதன்மையாக வரையறுக்கிறது.

பயணத் திட்டம்

பயணத்திற்கு முன்னரே மேற்கண்ட நான்கு காலங்களையும் அட்டவணைப்படுத்தி, ஒவ்வொன்றிற்கும் உரிய சான்று யாது என மாணவர் எழுதிக்கொள்ளல் வேண்டும். மரபு, பயணக் குறிப்பு, திருச்சபை ஆவணம், கட்டடம் ஆகிய நால்வகைச் சான்றுகளும் ஒரே தகுதி உடையன அல்ல. களத்தில் முதலில் புறத்தோற்றத்தையும், அடுத்துக் கூரையின் பாரத்தைத் தாங்கும் முறையையும், இறுதியில் கல்லறைச் சிற்றாலயத்தையும் காண்பது நன்று. கல்லறையை முதலில் கண்டால் மரபின் காலமே கட்டடத்தின் காலமாக மனத்தில் பதிந்துவிடும். வழிபாடு தொடரும் இடமாதலின் ஞாயிற்றுக்கிழமை, சூலை 3ஆம் நாள் தோமா திருவிழா ஆகியவற்றைத் தவிர்த்து, முன் இசைவு பெற்றுச் செல்லுதல் முறை.

முடிவுரை

காணும் வரிசையே கருத்தின் வரிசையை உருவாக்குகிறது. எனவே களப்பயணத் திட்டம் போக்குவரத்து ஏற்பாட்டோடு நிறைவு பெறுவதன்று. அது சான்றுகளைத் தரம் பிரிக்கும் ஆய்வின் முதற்படியாகும். இப்பயிற்சி பெற்ற மாணவர் மீண்டும் உத்திரமேரூருக்குச் செல்லும்போது, சுவரின் காலத்தையும் அதன்மேல் பொறித்த எழுத்தின் காலத்தையும் வேறுபடுத்தி வினவுவர்.